உப்புச் சாலையில் பழைய காம்பாக்ட் எஸ்யூவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் இடங்களில் பழைய வண்டியின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அடிப்பாகம் அரித்துப்போய் வண்டி ஸ்கிராப்புக்குப் போகும். அதனால் இங்குள்ள பதில்களில் பாதிக்கு மேல் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கிடக்கும். செகண்ட் ஹேண்டில் காம்பாக்ட் எஸ்யூவி வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

கடுங்குளிரில் துரு பிடிக்காது என்கிறார்களே, அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

பாதி உண்மை. மைனஸ் 15 டிகிரியில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது துரு மெதுவாகத்தான் நகரும். ஆனால் உப்பின் வேலையே தண்ணீரை உறையவிடாமல் வைப்பதுதான். சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 23 சதவீதக் கரைசலாக இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீராக இருந்தால் கட்டியாகிச் சும்மா கிடந்திருக்கும். உப்புத் தண்ணீரோ இரும்பின் மேல் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். துருவுக்கு அதுதானே வேண்டும்.

இதைவிடப் பொல்லாதவை கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும். இவை காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். வண்டி காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். தகட்டு மடிப்புகளுக்குள் பிசுபிசுவென்று ஈரம் நிற்கும்.

ஆகவே ஆபத்தான காலம் சுழியத்தை ஒட்டிய நாட்களும், பனி உருகும் வசந்தமும்தான். சூடேற்றிய கராஜும் இதே கணக்கில் சேரும். உப்புச் சேறு ஒட்டிய வண்டியை ஒவ்வொரு இரவும் கதகதப்பான கராஜில் விடுவது, வெளியே குளிரில் விடுவதைவிட அடிப்பாகத்துக்குக் கெடுதல். கராஜ் இருந்தால் நல்லதுதான், ஆனால் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள்.

வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பெயின்ட் பளபளப்பு, உள்ளே தோல் இருக்கை, பெரிய திரை எதுவும் இந்த மறுப்பை ஈடுகட்டாது.

மேலே தூக்கியதும் எல்லாமே பழுப்பாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்ம், டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் கியர் அமைப்பு) உறை, எக்ஸாஸ்ட் இணைப்புகள் போன்றவை தடித்த உலோகம். மேல்துரு இருந்தாலும் பல வருடம் தாங்கும். கவலைப்பட வேண்டியது அடை அடையாக உரிந்து வரும் துருவுக்கு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும்; உள்ளே அரித்த இடம் மொத்தென்று சொல்லும், செதில் உதிரும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன்னும் பின்னும் உள்ள சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்), அதிலும் சக்கரத்தைப் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடங்கள், பின் டிரெய்லிங் ஆர்ம் பாடியோடு சேரும் இடம், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில், ஜாக் வைக்கும் விளிம்பு, பின் சக்கர வளைவின் உள்மடிப்பு. அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கொப்புளம் விரலுக்குத் தெரியும். டிக்கியின் கார்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். அங்கே தண்ணீர்க் கறை இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய், பின் சக்கர லைனருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது துருவேறிப் பொத்தலானால் பெட்ரோல் வாசனையும் செக் எஞ்சின் விளக்கும் வரும்.

பிறகு பிரேக் குழாய்கள். இவை மெல்லிய எஃகுக் குழாய்கள். பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் உப்பு தங்கி அரிக்கும். கிளிப்பை ஒட்டிப் புடைப்போ ஈரமோ தெரிந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடிப்பாகம் முழுக்க அப்போதுதான் அடித்த கறுப்புப் பூச்சு மினுங்கினால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முந்தைய வாரம் துருவின் மேல் போர்த்திய போர்வையாக இருக்கலாம். சக்கர வளைவில் காந்தத்தை மெல்லிய துணியோடு வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி நிரப்பியிருக்கிறார்கள்.

கடைசியாக, வண்டியின் தனி அடையாள எண்ணான விஐஎன்னைக் கொண்டு ரீகால் ஏதும் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். இது வெறும் சடங்கு இல்லை. அமெரிக்காவில் உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய 2007 முதல் 2011 வரையான ஹோண்டா சிஆர்-வி வண்டிகளை அந்த நிறுவனம் 2023-இல் திரும்ப அழைத்தது. காரணம், பின் ஃபிரேம் அரித்து டிரெய்லிங் ஆர்ம் கழன்றுவிடும் அபாயம். 2001 முதல் 2004 வரையான ஃபோர்டு எஸ்கேப்புக்கும் 2014-இல் சப்ஃபிரேம் அரிப்புக்காக ரீகால் வந்தது.

குளிர்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது?

உப்பு போடும் வாரங்களில் பத்து நாளைக்கு ஒருமுறை, முடிந்தால் வாரம் ஒருமுறை. நாள் கணக்கைவிட நேரம் முக்கியம். பெரிய பனிப்பொழிவுக்குப் பின் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே ஏறும் முதல் நாள் கழுவினால் பாதி வேலை முடிந்தது. மேல் பாகத்தை விட்டாலும் பரவாயில்லை, அடிப்பாகத்தைக் கழுவும் வசதி உள்ள இடமாகப் பாருங்கள். சில இடங்களில் கழுவிய தண்ணீரையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவார்கள். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷர் வாஷர் பிடிக்கும்போது சக்கர பேரிங் சீல், வயர் கனெக்டர், ரேடியேட்டர் இவற்றில் கிட்டத்தில் வைத்து அடிக்காதீர்கள். கழுவிய பின் கதவுகளைத் திறந்து ரப்பர் சீலைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் தடவுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை கதவு ஒட்டிக்கொள்ளும். பலம் காட்டி இழுத்தால் ரப்பர்தான் கிழியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாலைந்து முறை பிரேக்கை அழுத்தி டிஸ்கைக் காயவிடுங்கள்.

பனி முடிந்ததும் ஒரு பெரிய குளியல் அவசியம். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்து, கால் மணி நேரத்துக்கொருமுறை இடம் மாற்றி ஓடவிடுங்கள். வேகமான தண்ணீரைவிட நிதானமாக நனைக்கும் தண்ணீர்தான் காய்ந்த உப்பைக் கரைக்கும். அப்படியே கதவுகளின் அடியிலும் சில்லிலும் உள்ள வடிகால் துளைகளைத் தேடுங்கள். கேபிள் டையின் நுனியை உள்ளே விட்டு அசைத்தால், அடைத்திருக்கும் மண்ணும் மக்கிய இலையும் கொழகொழவென்று வரும், பின்னாலேயே தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் குளிர்காலம் முழுக்க சில்லுக்குள் நின்றிருந்தது என்று பொருள்.

அண்டர்கோட்டிங் (அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு) போடலாமா? எந்த வகை?

புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் பதில் வேறு. தார் போலக் கெட்டியாகும் ரப்பர் பூச்சு, சுத்தமான புதிய தகட்டின் மேல் ஒழுங்காக ஒட்டும். ஏற்கனவே துரு தொட்ட பழைய தகட்டில் அது சில வருடத்தில் விரிசல் விடும். விரிசல் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். பூச்சு பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே இரும்பு இருக்காது.

பழைய வண்டிக்கு என் ஓட்டு எண்ணெய் வகைக்கு, அல்லது ஆட்டுரோமக் கொழுப்பான லானோலின் வகைக்கு. இது காயாது, மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும், இருக்கிற துருவையும் ஊறவைத்துக் காற்றும் ஈரமும் படாமல் தடுக்கும். குறை என்னவென்றால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், சில நாள் சொட்டும், கொஞ்சம் நாறும். நிறுத்துமிடத்தில் அட்டை விரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பனிக்கு முன், வண்டி கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வெளியே அடிப்பதைவிட உள்ளே அடிப்பது முக்கியம்: சில்லின் குழிவு, கதவின் உட்புறம், டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு, சக்கர லைனரின் பின்புறம். பிரேக் டிஸ்க், பேட், பெல்ட், எக்ஸாஸ்ட் பக்கமே போகக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், அதையும் தவிர்க்க வேண்டும்.

பேட்டரியில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று விற்கும் சிறு மின்னணுப் பெட்டிகளுக்குப் பணம் தண்டம். மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் அந்த முறை கடலில் கிடக்கும் கப்பலுக்கும் மண்ணில் புதைந்த குழாய்க்கும் வேலை செய்வதற்குக் காரணம், உலோகமும் எதிர்முனையும் ஒரே ஈரத்துக்குள் தொடர்ந்து மூழ்கியிருப்பது. சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

துரு ஏற்கனவே பிடித்துவிட்டது. இனி என்ன?

மேல்துரு என்றால் கம்பி பிரஷ், துருமாற்றி, பிரைமர், பெயின்ட், அதன் மேல் எண்ணெய். சில்லில் ஓட்டை என்றால் அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே வழி. புட்டியும் ஃபைபரும் ஓட்டையை மறைக்கும், விபத்தில் காப்பாற்றாது. சப்ஃபிரேம் பெரும்பாலும் போல்ட்டில் நிற்பதால் முழுதாக மாற்றிவிடலாம். துருப்பிடிக்காத ஊரிலிருந்து வந்த பழைய சப்ஃபிரேம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பிரேக் பேட் இன்னும் மிச்சமிருக்கிறது. பிரேக்கை எதற்குப் பிரிக்க வேண்டும்?

உப்பு ஊரில் பேட் தேய்ந்து சாவதைவிட, இறுகிச் சாவதுதான் அதிகம். பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் கேலிப்பர், இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். உறை கிழிந்து உப்புத் தண்ணீர் புகுந்தால் அந்த ஸ்லைடு பின்கள் துருவேறி இறுகும். அப்புறம் ஒரு பக்க பேட் மட்டும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தால் பேட் தடிமனாகத் தெரியும், உள்பக்க பேட் இரும்புவரை தேய்ந்திருக்கும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறதா என்பது நல்ல அறிகுறி.

வருடம் ஒருமுறை, குளிர்காலம் முடிந்ததும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்லைடு பின்னை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் வகை கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, செய்த வேலையையே கெடுக்கும். பேட் உட்காரும் தாங்கியின் துருவைச் சுரண்டி, சின்ன எஃகுக் கிளிப்புகளைப் புதிதாக மாற்ற வேண்டும். கிளிப்புக்கு அடியில் துரு வீங்கினால் பேட் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

சக்கரம் கழற்றிய கையோடு ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, இறுகாமல் தடுக்கும் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். அலாய் சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு, வழியில் பஞ்சரானால் உதைத்தாலும் வராத நிலை இதனால் தவிரும். போல்ட் மரையில் மட்டும் தடவாதீர்கள், முறுக்கு அளவு தப்பாகிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாய் மாற்ற வேண்டி வந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கேளுங்கள். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் சுலபம்.

வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் கடகடவென்று துடிக்கிறது. சாலையோ காய்ந்திருக்கிறது. ஏன்?

பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் ஏமாறுகிறது. சக்கர வேக சென்சர் உட்காரும் இடத்தில் துரு கிளம்பி, சென்சரை ஒரு மயிரிழை தூக்கிவிடும். வேகமாகப் போகும்போது சிக்னல் கிடைக்கும், மெதுவாகும்போது விட்டுப்போகும். சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது என்று நினைத்து ஏபிஎஸ் வேலையைத் தொடங்கும். சென்சரைக் கழற்றி அடியிலுள்ள துருவைச் சுரண்டினாலே பல வண்டிகளில் சரியாகும். எடுத்த எடுப்பில் ஏபிஎஸ் மாட்யூலையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே, விண்டர் டயர் எதற்கு?

நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைத் தரும் ஆல் வீல் டிரைவ் கிளம்ப உதவும். நிற்கவும் திரும்பவும் டயர்தான் உதவ வேண்டும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை இழக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் உள்ளே பனித்திவலையும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்த டயர். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பள்ளங்களின் வடிவத்தைத்தான் சொல்கிறது.

நாலும் ஒரே வகை, ஒரே அளவு தேய்மானமாக இருக்கட்டும். ஆல் வீல் டிரைவில் ஒரு டயர் மட்டும் புதிதானால் அதன் சுற்றளவு மாறும், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். டயரின் வயதைச் சுவரில் உள்ள கடைசி நாலு எண்கள் சொல்லும்: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம்.

காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 டிகிரி வீழ்ச்சிக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். முதல் குளிர் இரவுக்கு மறுநாள் காலை டயர் விளக்கு எரிவது இதனால்தான். திரும்பத் திரும்ப ஒரே டயர் இறங்கினால் ஆணியைத் தேடுவதோடு, அலாய் விளிம்பில் உப்பு அரித்து டயர் சரியாக உட்காராமல் கசிகிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி எப்போது மாற்றுவது?

மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும், கெட்டியான ஆயிலைச் சுழற்ற எஞ்சினோ அதிகம் கேட்கும். இலையுதிர் காலத்திலேயே சோதித்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, லோடு சோதனையும் வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறையக்கூடும்; வயிறு புடைத்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வசதியுள்ள வண்டிக்கு ஏஜிஎம் வகை (கண்ணாடி நார்ப் பாயில் அமிலத்தை உறிஞ்சவைத்த பேட்டரி) போட்டிருந்தால் அதே வகையைத்தான் திரும்பப் போட வேண்டும்.

காலையில் எவ்வளவு நேரம் ஐடிலில் விடுவது?

அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். கண்ணாடி தெளிந்ததும் மெதுவாகக் கிளம்புங்கள். ஓடும்போதுதான் எஞ்சினும் கியர்பாக்ஸும் வேகமாகச் சூடாகும். கிளம்பும் முன் எக்ஸாஸ்ட் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஆயில் விஷயத்தில் கையேடு சொல்லும் கிரேடைவிட்டு நகராதீர்கள். குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ-20 என்று இருந்தால் கெட்டியானது நல்லது என்ற பழைய யோசனையை இங்கே கொண்டுவர வேண்டாம். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாகாது. ஈரமும் எரியாத பெட்ரோலும் அதில் சேரும். சிறிய டர்போ எஞ்சின்களில் இது அதிகம். 2017, 2018 சிஆர்-வி 1.5 லிட்டர் டர்போவில் இந்தப் புகார் பெரிதாகக் கிளம்பி, நிறுவனம் மென்பொருள் திருத்தமும் நீட்டித்த உத்தரவாதமும் தர வேண்டியதாயிற்று. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனாலோ பெட்ரோல் நாறினாலோ உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேர நெடுஞ்சாலை ஓட்டம் நல்ல மருந்து.

கூலன்ட் எவ்வளவு அடர்த்தி? அதிகமாக ஊற்றினால் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை. எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். தண்ணீர் கலக்காத சுத்தக் கிளைகாலோ மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும்! முந்தைய உரிமையாளர் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருக்கலாம், அதனால் முதல் குளிருக்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். வாஷர் திரவமும் அப்படித்தான், கோடையில் ஊற்றியதைத் தீர்த்துவிட்டுக் குளிர்கால வகை ஊற்றுங்கள்.

பின் டிஃபரன்ஷியல் ஆயிலெல்லாம் மாற்ற வேண்டுமா?

வேண்டும். செகண்ட் ஹேண்ட் எஸ்யூவியில் பெரும்பாலும் யாரும் தொடாத ஆயில் இதுதான். பின் டிஃபரன்ஷியல், முன்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், சில வண்டிகளில் கப்ளிங்குக்குத் தனி ஆயிலும் வடிகட்டியும் உண்டு. வாங்கியதும் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் கணக்கு உங்கள் கையில். மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். துருவில் இறுகிய ஊற்றும் போல்ட் வராமல் போனால், காலியான டிஃபரன்ஷியலோடு நிற்க வேண்டியதுதான்.

அடியில் தகரம் அதிர்வது போலச் சத்தம். ஸ்டியரிங்கும் ஆடுகிறது.

இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். தகரச் சத்தம் எக்ஸாஸ்டின் வெப்பத் தடுப்புத் தகடு. போல்ட் துளை அரித்துத் தளர்ந்திருக்கும். பெரிய துருப்பிடிக்காத ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் அடங்கும். எக்ஸாஸ்ட் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பெரிய பனிக்குப் பின் ஸ்டியரிங் திடீரென ஆடினால் சக்கரத்தின் உட்பக்கம் பனிக்கட்டி ஒட்டியிருக்கும், தட்டிவிட்டால் போதும். மேடு ஏறும்போது ‘டக்’ என்று உடைந்த சத்தம் வந்தால் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள். உப்பு தங்கி முறிவது பெரும்பாலும் அங்கேதான், அதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

உள்ளே கண்ணாடி எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது.

காலணியோடு வரும் பனி உருகிக் கார்பெட்டுக்கு அடியில் தங்குகிறது. விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போட்டு, தேங்கியதை அவ்வப்போது வெளியே கொட்டுங்கள். காற்றை உள்ளேயே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட்டு, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை உலர்த்தும். இருக்கைக்கு அடியில் வயர் இணைப்புகள் ஓடுவதால் உப்புத் தண்ணீர் அங்கே போனால் ஏர்பேக் விளக்குவரை எரியும். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது இந்த வண்டியைக் கைவிடுவது?

எஞ்சின், கியர்பாக்ஸ் செலவு எவ்வளவு வந்தாலும் கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம். சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் பாடித் தகடே அரித்துவிட்டது, சீட் பெல்ட் நங்கூரத்தின் அருகே ஓட்டை, இரண்டு பக்கச் சில்லும் ஜாக்கைத் தாங்கவில்லை என்று மெக்கானிக் காட்டினால் கணக்கு வேண்டாம். ரேடியோவையும் விண்டர் டயர்களையும் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுங்கள். அடுத்த வண்டி அதே சக்கர அளவாக இருந்தால் டயர் செலவாவது மிச்சம்.